முன்னால வந்து கூப்பிடுங்க

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கம்ப்யூட்டருக்கு மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் எஸ்.பி.தான். மற்ற இடங்களில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டால் கம்ப்யூட்டர் ‘எரர்’ என்று சிவப்பு எழுத்தில் குரைக்கும். எங்கள் கம்பெனி செய்துகொடுத்த மென்பொருள் மட்டும், “ஏனுங்க, பார்ட்டி பேரு போடாம உட்டுப்போட்டீங்களே?” என்று கேட்கும். கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும்.

எஸ்.பி. என்றதும் போலீஸ் அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்து அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் எஸ்.பி. ‘ஸ்டோர்டு புரசீஜர்’ என்பதன் சுருக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். மில்காரர்களுக்கும் தறிக்காரர்களுக்கும் மென்பொருள் எழுதிக்கொடுப்போம். எத்தனை மூட்டை நூல் வந்தது, எவ்வளவு துணி போனது என்று பார்க்கிற சமாசாரம். நான் அன்னூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தவள். திரையில் தெரிகிற பக்கம் என் வேலை. கட்டங்கள், பொத்தான்கள், அவற்றை அழுத்தினால் என்ன ஆகவேண்டும் என்கிற புரோகிராம். விவரங்கள் எல்லாம் குடியிருக்கிற டேட்டாபேஸ் எஸ்.பி.யின் ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டோர்டு புரசீஜர் என்கிற குட்டிப் புரோகிராம் ஒன்றை எழுதி, பெயர் வைத்து, டேட்டாபேஸுக்குள்ளேயே உட்கார வைத்திருப்பார். நம் புரோகிராம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கேட்கிற விவரத்தைக் கொடுக்க வேண்டும். அது தருகிற பதிலை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

இது தெரியாமல் சேர்ந்த புதிதில் நான் நேராக உள்ளே போய் நூல் இருப்பை எடுக்கிற மாதிரி நாலு வரி எழுதிவிட்டேன். எஸ்.பி. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குற்றம் செய்தவன் தான்தான் என்பது போன்ற முகம்.

“ஏனுங்க அம்மணி, யாரைக் கேட்டு உள்ள போனீங்க?”

அவர் கோபமே இல்லாமல் விளக்கினார். ஒருத்தர் ஊட்டுக்குப் போனால் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். நேராகச் சமையல்கட்டுக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கமா என்று கேட்டார். நல்ல பழக்கம் இல்லை என்றேன். “செரீங்க, அழிச்சுப்போட்டு ‘நூல் இருப்பு சொல்லுங்க’வைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது அவர் எனக்குச் சொன்ன வாக்கியம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, புரசீஜரின் பெயரே அதுதான். ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார், படித்தால் தமிழ். ‘நூல்_இருப்பு_சொல்லுங்க.’ ‘பில்லு_போடுங்க.’ ‘பாவு_கணக்கு_பாருங்க.’ ஒரு விவரத்தை நிரந்தரமாக அழிக்கிற புரசீஜருக்கு, ‘நெசமாத்தான்_அழிக்கோணுங்களா’ என்று பெயர். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார். எஸ்.பி. அவருக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, ‘ங்க’ இல்லாமல் கூப்பிட்டால் நம்ம ஊர்க் கம்ப்யூட்டர் வராது என்றார்.

தப்பு நேர்ந்தால் புரசீஜர் திருப்பி அனுப்புகிற வாசகங்களும் அவர் எழுதியவைதான். தேதியை வருங்காலத்தில் போட்டால், “இன்னும் அந்த நாளு வரலீங்களே” என்று வரும். ஒரே பில்லை மறுபடி மறுபடி போட்டால், “அலுப்பா இருக்கறீங்களாட்ட இருக்குது. ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்து பொறுமையா போடுங்க” என்று வரும். சோமனூர் தறிக்காரர் ஒருவர் ஆபீசுக்கு போன் செய்து, தன் ஊட்டில் கூட இப்படி யாரும் தன்னைக் கவனித்துச் சொன்னதில்லை என்று நெகிழ்ந்தார். அவர் சம்சாரம் பக்கத்தில் இருந்திருக்கிறார் போலிருக்கிறது. போன் சட்டென்று வைக்கப்பட்டது.

போலீஸ் கதை கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் நடந்தது. அங்கே மென்பொருளில் ஏதோ சிக்கல். எங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் இருந்த பெண் மில்லுக்கு போன் போட்டு, நாளைக் காலையில் எஸ்.பி. நேரில் வருகிறார், எல்லாவற்றையும் தயாராக வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். மில் மேனேஜருக்கு அன்று தூக்கம் இருந்திருக்காது. விடிந்ததும் அவிநாசி ரோட்டோரம் மில்லுக்கு முன்னால் நின்ற லாரிகளையெல்லாம் அப்புறப்படுத்தினார். வாட்ச்மேன்களுக்கு எங்கிருந்தோ தொப்பி வந்தது. இளநீர் வெட்டி வைக்கப்பட்டது.

எஸ்.பி. தன் பழைய மொபெட்டில், ஹேண்டிலில் டிபன் கேரியர் ஆட, வந்து சேர்ந்தார். வாட்ச்மேன் கையைக் காட்டி, எஸ்.பி. வருகிற நேரம், ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவரும் மொபெட்டை ஓரங்கட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் மற்றவர்களோடு நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் மேனேஜர் பொறுக்கமாட்டாமல் எங்கள் ஆபீசுக்கு போன் செய்ய, நாங்கள் ஆளின் அடையாளம் சொல்ல, மேனேஜர் திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார். அந்த இளநீரை யார் குடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எஸ்.பி.யிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். எத்தனை முறை கத்தினாலும் அசையமாட்டார். முன்னால் போய், மேஜைக்கு எதிரே நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் பதில். “முன்னால வந்து கூப்பிடுங்க. அதுதானுங்க மொறை” என்பார். போனை எடுக்கமாட்டார், எழுதி அனுப்பச் சொல்வார். டேட்டாபேஸுக்கு வைத்த சட்டத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டுவிட்டார் என்று பேக்கரியில் டீ குடிக்கும்போது பேசிச் சிரிப்போம். புதிதாகச் சேருகிறவர்களை அவர் பின்னால் அனுப்பி, “எஸ்.பி. அண்ணா” என்று கத்தவிட்டு வேடிக்கை பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது.

அவர் செய்தது எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் அவருக்கு ஒரு ஞானோதயம் வந்தது. நூல் வரவு பதிகிற புரசீஜரை நாங்கள் கூப்பிடும்போது முதலில் நூலின் நம்பரையும் அடுத்து மூட்டைக் கணக்கையும் கொடுத்துவந்தோம். வரிசை மாறினால் நன்றாயிருக்கும் என்று நினைத்து மாற்றிவிட்டார். மாற்றியதை ஒரு தாளில் எழுதி டீ பிளாஸ்குக்குப் பக்கத்தில் ஒட்டினார். அந்தத் தாளை யாரும் படிக்கவில்லை. எங்கள் புரோகிராம் பழைய வரிசையிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் எண்கள்தானே, புரசீஜரும் மறுப்புச் சொல்லவில்லை.

மத்தியானம் ஒரு மில் முதலாளியிடமிருந்து போன். நாற்பதாம் நம்பர் நூல் இருநூறு மூட்டை வந்ததைப் பதிந்தால், இருநூறாம் நம்பர் நூல் நாற்பது மூட்டை என்று திரை காட்டுகிறது. இருநூறாம் நம்பர் என்றால் சிலந்தி வலைக்கு அண்ணன் தம்பி. அந்த மில்லில் கனவில் கூட ஓடாத நூல். முதலாளி என்னிடம் சத்தம் போடவில்லை. “எங்க மில்லுல இத்தனை சன்ன நூல் ஓடுதுன்னு உங்க கம்ப்யூட்டரு சொல்லுதுங்க அம்மணி. மெசினுக்குத் தெரியாம எப்படீங்க ஓடுது?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

எஸ்.பி. உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த மில்லுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், இனிமேல் புரசீஜரைக் கூப்பிடும்போது வரிசையை நம்பாமல், ‘நூல் நம்பர் இது, மூட்டை இது’ என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஒவ்வொருவர் மேஜைக்கும் வந்து கேட்டுக்கொண்டார். தாள் ஒட்டுவதை அதோடு விட்டுவிட்டார்.

பிறகு கௌதம் வந்தான். கோபி ஊர்க்காரன், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவன். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். இந்தக் கதையில் ஒரு வில்லன் இருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். அவன் அதற்கு ஒத்துவரவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகை டேட்டாபேஸ் கேட்கிறார்கள்; புரசீஜர்களோ ஒரே வகைக்குள் மட்டும்தான் ஓடும்; ஆகவே விதிகளையெல்லாம் வெளியே புரோகிராமுக்குள் கொண்டுவந்துவிட்டால் எந்த டேட்டாபேஸோடும் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். அவன் சொன்னது சரிதான். எஸ்.பி.யே அவன் முகத்தைப் பார்த்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, சரிதான் என்றார்.

அது பற்றி முடிவெடுக்க ஒரு மீட்டிங் நடந்தது. எம்.டி. வெளியூரில் இருந்ததால் போனில் பேசினார். மேஜை நடுவில் ஸ்பீக்கரை வைத்து நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எம்.டி. நல்ல மனிதர், பழைய ஆளை விட்டுவிட அவருக்கு மனமில்லை. “எஸ்.பி., புது டீமுக்கு நீங்களே தலைமை எடுத்துக்கறீங்களா? இல்லீன்னா வேற ஆளைப் போட்டுடலாமா?” என்று கேட்டார்.

எஸ்.பி. ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்தார். “போட்டுருங்க” என்றார்.

எம்.டி. மறுபடியும் கேட்டார், நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று. எஸ்.பி. அதே சிரிப்போடு, “உங்க இஷ்டமுங்க” என்றார். வீம்புக்குச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். எம்.டி.க்கும் மனசு விட்டுப்போயிருக்க வேண்டும். அடுத்த வாரம் கௌதமைத் தலைவராகப் போட்டு எல்லோருக்கும் மெயில் வந்தது. எஸ்.பி. அந்த மெயிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஞாபகம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. தினமும் கௌதமுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு புரசீஜரும் என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கினார். கௌதமின் ஆட்கள் அதைப் புரோகிராமுக்குள் எழுதி, சரிபார்த்து, பழையதைக் கூப்பிடுகிற வரியை எடுத்துவிடுவார்கள். யாரும் கூப்பிடாத புரசீஜரை எஸ்.பி. தன் கையாலேயே அழித்தார். எல்லாம் முடிந்த அன்று மேஜையைத் துடைத்துவிட்டு, “வாரேனுங்க” என்றார். எங்கள் ஊரில் போகிறவர்கள் சொல்வது அதுதான். மறுநாள் அவர் வரவில்லை.

புது மென்பொருள் நன்றாகவே ஓடியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தப்பு நேர்ந்தால் இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் சொல்லும், கரெக்டாகச் சொல்லும். கொஞ்ச நாளைக்குத் தறிக்காரர்கள் சிலர் போன் செய்து, முன்னே பேசிக்கொண்டிருந்த ஆள் எங்கே என்று கேட்டார்கள். அப்புறம் அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து அன்னூரில் ஒரு கல்யாணத்தில் எஸ்.பி.யின் சம்சாரத்தைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். அவர் சோமனூரில் தன் தம்பியின் தறிகள் ஓடுகிற தறிக்குடோனைப் பார்த்துக்கொள்கிறார் என்றார். இத்தனை அனுபவத்தோடு ஏன் அங்கே போனார், எங்கள் எம்.டி. தலைமைப் பொறுப்பையே கொடுத்தாரே, அவர்தானே வேண்டாம் என்றார் என்று நான் கேட்டேன். அந்த அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவுருக்கு ரெண்டு காதும் செரியாக் கேக்காதுங்களே அம்மணி. உங்களுக்கெல்லாம் தெரியாதுங்களா?”

எங்களுக்குத் தெரியாது.

சின்ன வயசிலிருந்து தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்ததால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது என்றார் அக்கா. கேட்கிற மெசின் வாங்கிக் கொடுத்தாராம்; ஆபீசில் பார்த்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து எஸ்.பி. அதைப் போடவே இல்லையாம். முகத்தைப் பார்த்தால் உதட்டசைவில் புரிந்துகொள்வார். ஸ்பீக்கருக்கு ஏது உதடு? அன்றைக்கு எம்.டி. பேசியதில் ‘போட்டுடலாமா’ என்ற கடைசி வார்த்தை மட்டும் அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. ஏதோ மென்பொருளை மில்லில் போடுவதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறார். என்ன கேட்டார்கள் என்பது மெயிலைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். “காது கேக்காதுன்னு சொல்றதுக்குப் பதிலா வேலையவே உட்டுப்போடலாம்னு சொல்லிப்போட்டாருங்க” என்றார் அக்கா.

பேக்கரியில் நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

திங்கட்கிழமை கௌதமிடம் சொன்னேன். அவன் உடனே எம்.டி.யிடம் பேசினான், திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எம்.டி. சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கௌதமின் காரில் சோமனூர் போனோம்.

தறிக்குடோனுக்குள் காலை வைத்ததும் பேச்சு என்கிற சங்கதியே உலகத்திலிருந்து அழிந்துபோனது. அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கிற சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. கௌதம் என் காதருகே வந்து என்னவோ கத்தினான், எனக்கு ஒரு எழுத்துக்கூட விளங்கவில்லை. உள்ளே எஸ்.பி. நின்றிருந்தார். நூல் அறுந்த தறியை ஒருத்தர் விரலால் காட்ட, அவர் கையசைத்துப் பதில் சொன்னார். தூரத்திலிருந்த பெண் ஒருத்தி உதட்டை மட்டும் அசைத்து என்னவோ கேட்க, இவர் உதட்டை அசைத்து எதையோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபீசில் ஒருநாளும் அவரை அப்படிச் சகஜமாகப் பார்த்ததில்லை.

எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். ஊட்டுக்குக் கூட்டிப்போய், உட்காரவைத்து, ஒறம்பரை சொந்தக்காரர் வந்தால் செய்கிற அத்தனையும் செய்தார். காதில் மெசின் இருந்தது. நாங்கள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தோம். அவரே அதைத் தொட்டுக்காட்டி, இப்போது போட்டுக்கொள்கிறேன் என்றார்.

கௌதம் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, மெதுவாக, திரும்ப வரவேண்டும் என்று கேட்டான். எஸ்.பி. கையைக் கூப்பினார்.

“வேண்டாமுங்க. அங்க நான் தெனமும் பயந்துட்டே இருந்தேனுங்க. யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்களோ, நாம திரும்பாம இருந்துட்டமோன்னு. புரசீஜருக்குத்தான் அந்தப் பயமில்ல. எழுத்துல கூப்பிடுவாங்க, என்ன வேணும்னு எழுத்துல சொல்லுவாங்க, எழுத்துல பதில் சொன்னாப் போதும். அதான் எல்லாத்தையும் அதுக்குள்ளயே செஞ்சு வெச்சேன்.” சிரித்தார். “இங்க பாருங்க, யாருக்குமே கேக்கறதில்ல.”

கௌதம் அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று, நூல் இருப்பு பார்க்கிற புரசீஜரை மட்டும் அவர் அழிப்பதற்கு முன்பே நகல் எடுத்து, பிறகு மறுபடி உள்ளே வைத்ததாகவும், புது மென்பொருள் இன்றைக்கும் அதைத்தான் கூப்பிடுகிறது, பெயரைக்கூட மாற்றவில்லை என்றும் சொன்னான். எஸ்.பி. சந்தோஷப்படவில்லை. உடனே அதையும் எடுத்துவிடச் சொன்னார். ஒன்று மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே என்று இருந்தால் அடுத்து வருகிற ஆள் எங்கே இருக்கிறது என்று தேடிச் சலித்துப்போவான், அது பாவம் என்றார். கௌதம் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். எஸ்.பி. கார் வரைக்கும் வந்தார். கார் திரும்புவதற்கு வழிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நடுவில் பாவு நூல் ஏற்றிய வண்டி ஒன்று கடந்து போனது. கார்க் கண்ணாடி மூடியிருந்தது. நான் கண்ணாடிக்குள்ளிருந்தே, தொண்டையிலிருந்து சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்து, “நீங்க இல்லாம அங்க நல்லாவே இல்லீங்ணா” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌதமுக்கு அது கேட்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற எஸ்.பி., கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் வாருங்கள் என்று கையைக் காட்டினார்.